கடையின் நிலவறைக்குள் இருக்கும் பழுதான காஸ் மீற்றர்: யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

கேள்வி இது. லண்டன் ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறீர்கள். காஸ் மீற்றர் கீழே கடையின் நிலவறையில், கூரையை ஒட்டிய மூலையில் பூட்டப்பட்டிருக்கிறது. கடைக்காரர் மனம் வைத்தால்தான் உள்ளே போகலாம். போய்ப் பார்த்தால் திரையில் ஒன்றும் இல்லை. காஸ் கம்பனி பல மாதமாகத் தானே ஒரு மதிப்பீட்டைப் போட்டுப் பில் அனுப்புகிறது, பில் ஏறிக்கொண்டே போகிறது. கேட்டால் "மீற்றர் திரையில் காட்டும் இலக்கத்தை அனுப்புங்கள்" என்கிறார்கள். வீட்டுக்காரரோ "பில் உங்கள் பெயரில்தானே இருக்கிறது, நீங்களே பாருங்கள்" என்று கையை விரிக்கிறார். மீற்றரை யார் மாற்றுவது, செலவு யாருடையது, இதுவரை வந்த பில்லை என்ன செய்வது, மீற்றரை மேலே வீட்டுக்கே கொண்டுவர முடியாதா?

சுருக்கமாகச் சொன்னால், மீற்றரை மாற்றவேண்டியது நீங்கள் மாதாமாதம் காசு கட்டும் காஸ் கம்பனி. பழுதான மீற்றரை மாற்ற உங்களிடம் காசு கேட்க முடியாது. நிலவறைக்குள் இறங்க வழி செய்து தரவேண்டியது வீட்டுக்காரர். உங்கள் பங்கு, இந்த இரண்டு பேரையும் எழுத்தில் பிடித்து வைப்பது. வாயால் கதைத்ததெல்லாம் ஆறு மாதம் போனபின் காற்றோடு போய்விடும். இப்படியான கடைமாடி வீடுகளுக்குப் பொயிலர் வேலைக்காகப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மீற்றர் மாற்றும் வேலை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஆளை உள்ளே இறக்குவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும்.

காசுக் கதைக்கு முதல் ஒன்று. காஸ் மணந்தால் மீற்றருக்குப் பக்கத்தில் உள்ள வால்வை மூடு என்றுதான் எல்லோரும் சொல்லித் தருவார்கள். உங்களுக்கு அது பொருந்தாது. மீற்றர் நிலவறையில் இருந்தால், காஸ் மணக்கும்போது அங்கே இறங்கவே கூடாது. யன்னல்களைத் திறந்துவிட்டு, லைற் சுவிட்சைப் போடாமலும் நிறுத்தாமலும், பெல்லை அழுத்தாமல் வெளியே வாருங்கள். கடைக்காரரையும் வெளியே கூப்பிடுங்கள். தெருவில் நின்று 0800 111 999 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அது 24 மணி நேரமும் இயங்கும் இலவச அவசர இலக்கம். ஆனால் அங்கிருந்து வருகிறவர்கள் கசிவை நிறுத்தி இடத்தைப் பாதுகாப்பாக்குவார்கள், அவ்வளவுதான். திரை வேலை செய்யவில்லை என்று அந்த இலக்கத்துக்கு எடுத்துப் பயனில்லை.

இதோடு சேர்த்து, உங்கள் வீட்டுக்குள் காஸ் குழாய் நுழையும் இடத்தைத் தேடிப் பாருங்கள். மீற்றர் இப்படி வேறு இடத்தில் இருக்கும் ஃபிளற்றில் உள்ளேயும் ஓர் அவசர வால்வு இருக்கவேண்டும். பெரும்பாலும் குசினி அலுமாரிக்குள் அல்லது வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும். கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கண்ணில் படாவிட்டால், வீட்டுக்காரர் வருடாவருடம் கட்டாயம் செய்விக்கவேண்டிய காஸ் பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் வரும்போது கேளுங்கள். அந்தச் சோதனைப் பத்திரத்தின் பிரதியை 28 நாளுக்குள் உங்களிடம் தரவேண்டும் என்பது 1998ஆம் ஆண்டுச் சட்டவிதி. பல பேருக்கு அந்தக் கடதாசி கைக்கு வருவதே இல்லை. வராவிட்டால் இந்தச் சாக்கில் அதையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, எது யாருடைய பொறுப்பு? தெருவிலிருந்து வரும் குழாயும் மீற்றருக்கு முன்னால் உள்ள வால்வும் குழாய்களைப் பராமரிக்கும் நிறுவனத்துடையவை. லண்டனில் தேம்ஸுக்கு வடக்கே கேடன்ற், தெற்கே எஸ்.ஜி.என். மீற்றர் உங்களுக்கு பில் அனுப்பும் கம்பனியின் பொறுப்பு. உண்மையில் பல கம்பனிகள் மீற்றரை இன்னொரு நிறுவனத்திடமிருந்து வாடகைக்குத்தான் எடுத்து வைத்திருக்கின்றன. "அது எங்களுடைய மீற்றர் இல்லை, உரிமையாளரோடு கதையுங்கள்" என்று யாராவது ஃபோனில் சொன்னால் ஏமாறாதீர்கள். உங்களுக்கு ஒப்பந்தம் கம்பனியோடுதான். மீற்றரைத் தாண்டி வெளியே வரும் குழாய், பொயிலர், மீற்றர் இருக்கும் பெட்டி அல்லது அலுமாரி எல்லாம் வீட்டுச் சொந்தக்காரருடையவை. இதில் பலர் விடும் பிழை, காஸ் வேலைக்கான 'காஸ் சேஃப்' பதிவுள்ள ஒரு பிளம்பரைக் காசு கொடுத்துக் கூப்பிடுவது. அவருக்கு மீற்றரைக் கழற்றவோ அதன் சீலை உடைக்கவோ அனுமதி இல்லை. நீங்களாக மூடியைத் திறந்து பற்றரியைப் பார்க்கவும் போகாதீர்கள். சீல் உடைந்திருந்தால் அது காஸ் திருட்டாகப் பார்க்கப்படும், அதற்குப் பிறகு உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

இனி, மீற்றர் உண்மையிலேயே பழுதா என்று பார்ப்போம். மின்சார மீற்றர் வயரிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். காஸ் ஸ்மார்ட் மீற்றருக்கு வயர் கிடையாது, உள்ளே இருக்கும் பற்றரியில்தான் பல வருடம் ஓடவேண்டும். அதனால் திரை சாதாரண நேரத்தில் அணைந்தே கிடக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால்தான் விழிக்கும். இலக்கப் பொத்தான்கள் உள்ள சில மீற்றர்களில் 9, வேறு சிலவற்றில் 'ஏ' என்று எழுதிய பொத்தான். அழுத்திவிட்டுச் சில விநாடி பொறுங்கள், பிறகு இன்னொரு தரம் அழுத்துங்கள். "மீற்றர் செத்துப்போச்சு" என்று என்னிடம் சொன்னவர்களில் ஒரு பகுதிப் பேருடைய மீற்றர் நித்திரையில்தான் இருந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தும் ஒன்றும் வராவிட்டால் பற்றரியோ உள்ளே உள்ள சுற்றோ போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் அடுப்பு எரியலாம், அதை வைத்து மீற்றர் நன்றாக இருக்கிறது என்று கம்பனி சொல்ல விடாதீர்கள். முன்கட்டண மீற்றர் என்றால் விடயம் வேறு. உள்ளே இருக்கும் வால்வு மூடிக்கொண்டு காஸே நின்றுவிடக்கூடும். அன்றைக்கே எடுத்துச் சொல்லவேண்டும். வேலை நாளில் 3 மணித்தியாலத்துக்குள், மற்ற நாளில் 4 மணித்தியாலத்துக்குள் அவர்கள் கவனிக்கவேண்டும் என்பது விதி.

பொத்தானை அழுத்தியதும் இலக்கம் தெரிகிறது, ஆனால் கம்பனிக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அளக்கும் வேலை ஒழுங்காக நடக்கிறது, செய்திதான் போகவில்லை. காஸ் மீற்றர் அரை மணிக்கு ஒரு தரம் விழித்து, மின்சார மீற்றரோடு ஒட்டியிருக்கும் சிறிய தொடர்புப் பெட்டிக்கு வானலையில் தகவல் கொடுக்கும். வெளியே அனுப்புவது அந்தப் பெட்டிதான். உங்கள் மின்சார மீற்றர் மாடிப்படியில் இருந்து, காஸ் மீற்றர் நிலவறையில் இருந்தால், இடையில் தடித்த சுவரும் தளமும் மறித்துக்கொண்டு நிற்கும். அப்படியானால் படம் எடுத்து அனுப்பினாலே உங்கள் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும், மீற்றர் மாற்றத் தேவையில்லை. வீட்டுக்குள் தந்திருக்கும் சிறிய காட்சித் திரையில் தெரிகிற இலக்கத்தை மட்டும் நம்பவேண்டாம். அது மீற்றர் அல்ல.

பழைய சுழல் இலக்க மீற்றர் என்றால் வேறு சோதனை. வீட்டில் கொம்பி பொயிலர் (தண்ணீரைத் தாங்கியில் சேமிக்காமல் உடனுக்குடன் சுடவைப்பது) இருந்தால் சுடுநீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிடுங்கள். 24 கிலோவொற் பொயிலர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய இரண்டரைக் கன மீற்றர் காஸ் எடுக்கும். கன மீற்றரில் அளக்கும் மீற்றர் என்றால் பத்து நிமிடத்தில் 0.4 அளவுக்கு இலக்கம் நகரவேண்டும். கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. சற்றும் அசையாமல் நின்றால் மீற்றர் இறுகிவிட்டது. இரண்டு மூன்று மடங்கு ஓடினால் அதையும் எழுதி வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒன்றுமே எரியாத நேரத்தில் இலக்கம் நகர்ந்தால் ஒன்றில் கசிவு, இல்லாவிட்டால் வேறு யாரோ உங்கள் குழாயிலிருந்து எடுக்கிறார்கள். எது என்று நீங்கள் ஆராயவேண்டாம், அவசர இலக்கத்துக்கு எடுங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். கடைமாடி வீடுகளிலும், ஒரு பழைய வீட்டை இரண்டாகப் பிரித்த ஃபிளற்றுகளிலும் மீற்றர்கள் மாறிக் கிடப்பது நான் அடிக்கடி காண்கிற விடயம். நிலவறையில் இரண்டு மூன்று மீற்றர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். "நடுவில் இருக்கிறது உங்களுடையது" என்று முன்பு இருந்தவர் சொல்லியிருப்பார், அவருக்கும் யாரோ சொன்னதுதான். மேலே ஒருவர் சுடுநீரைத் திறக்க, கீழே ஒருவர் ஃபோனில் கதைத்தபடி எந்த மீற்றர் ஓடுகிறது என்று பார்க்கட்டும். ஓடுகிற மீற்றரின் முகப்பில் உள்ள தொடர் எண்ணும் உங்கள் பில்லில் அச்சாகியிருக்கும் தொடர் எண்ணும் ஒன்றா? இல்லையென்றால் நீங்கள் இவ்வளவு காலமும் கட்டியது இன்னொருவருடைய காஸுக்காக இருக்கலாம். கடையில் சமையல் நடக்கிறதென்றால் அது சின்னத் தொகையாக இராது. எது எவருடையது என்று கண்டுபிடிக்க வால்வை மூடிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் வேறொரு வீட்டில் எரிந்துகொண்டிருந்த சுடர் அணைந்து, திரும்பத் திறக்கும்போது அங்கே காஸ் எரியாமல் வெளியே வரும்.

பில்லில் இன்னொரு பழைய வியாதி உண்டு. பழைய மீற்றர்கள் நூறு கன அடிக்கு ஓர் அலகு என்று அளந்தன, முகப்பில் நான்கு இலக்கம் இருக்கும். பிந்திய மீற்றர்கள் கன மீற்றரில் அளக்கின்றன, தசமத்துக்கு முன் ஐந்து இலக்கம். மீற்றரை மாற்றிவிட்டுக் கம்பனியின் கணினியில் பழைய வகை என்றே விட்டுவிட்டால், ஒவ்வொரு அலகையும் 2.83 ஆல் பெருக்கி பில் போடுவார்கள். ஒரு குளிர் மாதத்தில் 100 கன மீற்றர் எரித்தீர்கள் என்று வைப்போம். சரியான கணக்கு 100 ஐ 1.02264 ஆல் பெருக்கி, காஸின் வெப்ப மதிப்பான 39.5 ஆல் பெருக்கி, 3.6 ஆல் வகுப்பது. வருவது ஏறக்குறைய 1,122 கிலோவொற் மணி. அலகு 6 பென்ஸ் என்றால் 67 பவுண்ட். பிழையான வகையில் போட்டால் அதே காஸுக்கு 190 பவுண்ட். வெப்ப மதிப்பு இடத்துக்கும் நாளுக்கும் கொஞ்சம் மாறும், உங்கள் பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். 'எம்3' (m³, கன மீற்றர்) என்று மீற்றரின் முகத்தில் இருக்கிறதா, பில்லிலும் அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் கம்பனிக்குச் சொல்லுங்கள். ஃபோனில் சொல்லலாம், ஆனால் அன்றைக்கே மின்னஞ்சலும் போடவேண்டும். "பில் கூடிப்போச்சு" என்று தொடங்காதீர்கள். அது பில் பகுதிக்குப் போய், அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். "மீற்றர் பழுது" என்று தொடங்குங்கள். தொடர் எண், பில்லில் உள்ள எம்.பி.ஆர்.என். என்ற இணைப்பு எண், எந்தத் திகதியில் பொத்தானை அழுத்திப் பார்த்தீர்கள், என்ன தெரிந்தது, இரண்டு படம். பழுதென்று அறிவித்தால் 5 வேலை நாளுக்குள் அவர்கள் ஆரம்பப் பரிசீலனை செய்து அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்லவேண்டும். சந்திக்க நேரம் தந்துவிட்டு வராமல் விட்டாலும் இழப்பீடு உண்டு. தானாக வரவு வைக்கவேண்டிய காசு அது. தானாக வராவிட்டால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே மின்னஞ்சலில், மீற்றர் நிலவறையில் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஏணி வேண்டும், கடை திறந்திருக்கும் நேரம் இது என்று எழுதிவிடுங்கள். இது சிறிய விடயம்போலத் தெரியும். ஆனால் வந்தவர் உயரத்தைப் பார்த்துவிட்டு "எனக்கு இதில் ஏற அனுமதி இல்லை" என்று திரும்பிப் போவது அடிக்கடி நடக்கிறது. உயரத்தில் வேலை என்று முன்பே பதிந்திருந்தால் தகுந்த ஏணியோடு அல்லது இரண்டு பேராக அனுப்புவார்கள். பழைய நிலவறைகளில் மீற்றர் பலகை கல்நாராக (அஸ்பெஸ்ரஸ்) இருக்கவும் கூடும், நீங்களாக ஆணி அடிக்கவோ துளையிடவோ கூடாது. மீற்றருக்கு முன்னால் அரிசி மூட்டையும் குளிர்பானப் பெட்டியும் அடுக்கியிருந்தால் அதை நகர்த்துவது வருகிறவரின் வேலை இல்லை.

வீட்டில் வயதானவர்கள், நோயாளிகள், சிறு பிள்ளைகள் இருந்தால் கம்பனியின் முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் பெயரைப் போடச் சொல்லுங்கள். இலவசம். நம்மவர்களில் பலருக்குத் தெரியாதது, ஆங்கிலம் சரியாகப் பேசவோ வாசிக்கவோ முடியாதவர்களும் அதில் சேரலாம் என்பது. அம்மா அப்பா பெயரில் பில் இருந்தால் இது நல்ல உதவி. மீற்றரை வாசிக்க வீட்டில் யாருக்கும் இயலாவிட்டால் காலத்துக்குக் காலம் ஆள் அனுப்பி வாசிப்பார்கள். முன்கட்டண மீற்றர் எட்ட முடியாத இடத்தில் இருந்து, நோய் முதுமை காரணமாகப் பாதுகாப்பாகப் போய்வர இயலாவிட்டால் இடம் மாற்றித் தரும்படியும் கேட்கலாம்.

இனிக் கடைக்காரர். எல்லாம் இவரில்தான் வந்து நிற்கும். அவரோடு சண்டை பிடிக்கவேண்டாம். அவர் உங்களுக்கு எந்த ஒப்பந்தத்தாலும் கட்டுப்பட்டவர் இல்லை, அவருடைய சரக்கு நிலவறையில் கிடக்கிறது, முன்பின் தெரியாத ஆளை இறக்க அவருக்கும் பயம் இருக்கும். நல்லபடி கதைத்து, வேலை நாளில் காலையில் வியாபாரம் குறைந்த ஒரு நேரத்தைக் கேட்டு, அதையே கம்பனியிடம் நேரமாகக் கேளுங்கள். பெரும்பாலும் நாலு மணித்தியால இடைவெளி தருவார்கள், அதைக் கடைக்காரருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். "ஒன்பது மணிக்கு வருவார்" என்று சொல்லி ஒரு மணிக்கு ஆள் வந்தால் அடுத்த முறை கதவு திறக்காது.

அவர் முடியாது என்று நின்றால், அதற்குப்பிறகு அது உங்களுக்கும் அவருக்குமான விடயம் அல்ல. வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். கட்டடம் முழுக்க அவருடையது என்றால் கடையின் குத்தகையும் அவர் கையில்தான் இருக்கும், ஒரு ஃபோனில் முடியும். அவரே மாடியை மட்டும் குத்தகைக்கு எடுத்தவர் என்றால் கட்டடத்தின் நிலச் சொந்தக்காரரிடம் அவர் போகவேண்டும். "மீற்றரை அணுக முடியாததால் பழுதைத் திருத்த முடியவில்லை, அதனால் ஏற்படும் நட்டத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். அந்த மின்னஞ்சலின் பிரதியைக் கம்பனிக்கும் போடுங்கள். மீற்றர் இருக்கும் இடத்துக்குள் போகக் கம்பனிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆள் மறுத்தால் நீதிமன்ற உத்தரவு எடுத்துக்கொண்டு போகும் வழியை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வைத்திருக்கிறது. ஒரு திரைக்காக அவ்வளவு தூரம் போகக் கம்பனிகள் விரும்புவதில்லை. ஆனால் அந்த உரிமை இருக்கிறது என்பதை மரியாதையாக நினைவூட்டினால், "நீங்களே ஒழுங்குசெய்யுங்கள்" என்று உங்கள் தலையில் கட்டுவது நின்றுவிடும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பில்லைப் பற்றி உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு, காஸ், மின்சாரக் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் 2018 மே மாதம் முதல் வைத்திருக்கும் 12 மாத விதி. உங்கள் பிழை இல்லாமல் சரியான பில் வராமல் போயிருந்தால், 12 மாதத்துக்கு முன்னால் எரித்த காஸுக்குப் புதிதாகக் கணக்குப் போட்டுக் காசு கேட்க முடியாது. இந்தப் பாதுகாப்பை இழக்க முக்கியமான வழி, நீங்களே மறித்தீர்கள் என்று அவர்கள் காட்டுவது. மூன்று தரம் ஆள் வந்து கதவு திறக்கவில்லை என்ற குறிப்புக் கணினியில் இருந்து, நீங்கள் திறக்க முயன்றதற்கு ஒரு கடதாசியும் இல்லாவிட்டால், விதி உங்கள் பக்கம் நிற்காது. கடைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் நீங்கள் எழுதியவைதான் அப்போது உதவும். மீற்றர் இறுகிக் காஸ் இலவசமாக வருகிறது என்று சந்தோசப்பட்டுப் பேசாமல் இருந்தவர்களையும் கண்டிருக்கிறேன். கடைசி 12 மாதத்துக்கு மதிப்பீட்டு பில் எப்படியும் வரும், தெரிந்தும் சொல்லவில்லை என்ற பெயரும் சேர்ந்து வரும்.

வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் நேரடிப் பற்றை (டிரெக்ட் டெபிற்) நிறுத்திவிட்டு "மீற்றரைத் திருத்து, பிறகு கட்டுகிறேன்" என்று நிற்பது நல்ல யோசனை இல்லை. பாக்கி ஏறும், கடன் பதிவில் விழும். அதற்குப் பதிலாக உங்கள் கணிப்பின்படி நியாயமான தொகையைக் கட்டிக்கொண்டு, மிச்சம் தகராறில் இருக்கிறது என்று பதியச் சொல்லுங்கள். நியாயமான தொகை எது? 2023 ஒக்ரோபரில் ஒஃப்ஜெம் வைத்த கணக்கின்படி நடுத்தர வீட்டுக்கு வருடம் 11,500 கிலோவொற் மணி காஸ், சிறிய வீட்டுக்கு 7,500. இரண்டு அறை ஃபிளற், மேலும் கீழும் ஆட்கள் இருந்து சூடு தருகிறார்கள் என்றால் நீங்கள் 7,500 பக்கமாகத்தான் நிற்பீர்கள். உங்கள் பில்லில் 'மதிப்பிட்ட வருடப் பாவனை' என்று ஒரு தொகை இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். அங்கே 18,000 என்று கிடந்தால் அது முன்பு இருந்தவரின் குடும்பமாக இருக்கலாம், பிழையான வகையாக இருக்கலாம், கடையின் பாவனையாகவும் இருக்கலாம்.

மாற்ற வரும் நாளில் நீங்கள் அல்லது நம்பிக்கையான ஒருவர் கீழே நிற்கவேண்டும். பழைய மீற்றரைக் கழற்றமுதல் அதன் முகத்தைத் தொடர் எண் தெரியும்படி படம் எடுங்கள். இலக்கம் தெரியாவிட்டால், "திரையில் ஒன்றும் இல்லை" என்று வந்தவரைத் தன் வேலைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். சும்மா விட்டால், கடைசி இலக்கமாகக் கம்பனியின் மதிப்பீட்டையே போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். புதிய மீற்றரின் தொடக்க இலக்கத்தையும் எடுங்கள். மீற்றர் அளவுக்கு மேல் ஓடியது என்பது உங்கள் வாதம் என்றால், கழற்றியதை எறியாமல் சோதனைக்கு வைத்திருக்கும்படி முன்கூட்டியே எழுதிக் கேட்கவேண்டும். சுயாதீனமான ஒருவர் சோதித்து, அனுமதிக்கப்பட்ட இரண்டு மூன்று சதவீத எல்லைக்குள் மீற்றர் இருந்தால் சோதனைச் செலவு உங்கள் தலையில் விழும். திரை செத்த மீற்றருக்கு இந்தச் சோதனை தேவையில்லை. வேகமாக ஓடியது என்று வலுவான சந்தேகம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

மாற்றி முடிந்ததும் கசிவுச் சோதனை செய்வார்கள், உங்கள் அடுப்பையும் பொயிலரையும் பார்ப்பார்கள். அங்கே ஆபத்து ஏதும் கண்டால், சிவப்பு எச்சரிக்கை ஒட்டி, காஸை நிறுத்திவிட்டுப் போகவும் அவர்களுக்குக் கடமை உண்டு. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம் இப்படி நடந்தால் வீடு முழுக்க விறைக்கும். ஆகவே வாரத் தொடக்கத்தில் ஒரு நாளைக் கேளுங்கள், வீட்டுக்காரருக்கும் அன்று ஃபோனை எடுக்கும்படி சொல்லிவையுங்கள். பொயிலரைத் திருத்துவது அவருடைய செலவு.

புதிய மீற்றர் வந்தபின் பழைய மாதங்களைத் திருத்திக் கணக்கிடும்படி கேட்கலாம். இதில்தான் அவசரப்படக்கூடாது. சனவரியில் மாற்றி, இரண்டு கிழமைப் பாவனையை எடுத்து வருடத்துக்குப் பெருக்கினால் உங்களுக்கு நட்டம், ஏனெனில் வருடக் காஸின் பெரும்பகுதி ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரைதான் எரிகிறது. சூலையில் எடுத்துப் பெருக்கினால் அவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். குளிரும் வெயிலும் கலந்த சில மாதத்துக்கு ஒவ்வொரு முதலாம் திகதியும் இலக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த வீட்டின் உண்மையான பாவனை இது, பழைய மதிப்பீட்டை இதன்படி மாற்றுங்கள்" என்று கேளுங்கள். நீங்கள் கூடக் கட்டியிருந்தால் திரும்பத் தரவேண்டும். 12 மாத எல்லை அவர்கள் உங்களிடம் கேட்பதற்குத்தான், நீங்கள் அவர்களிடம் கேட்பதற்கு இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு இழுத்தடித்தால் "இது முறைப்பாடு" என்ற சொல்லைப் போட்டு எழுதுங்கள். அந்தச் சொல் இல்லாமல் எழுதினால் சாதாரண விசாரணையாகப் பதிந்துவிட்டு விடுவார்கள். எட்டு வாரம் கடந்தும் தீராவிட்டால், அல்லது இதற்குமேல் ஒன்றும் செய்யமுடியாது என்று அவர்களே கடிதம் தந்தால், இப்படியான தகராறுகளைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். இலவசம், நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவர்களுடைய தீர்ப்புக் கம்பனியைக் கட்டுப்படுத்தும். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் 0808 223 1133 இலக்கத்தில் கேட்கலாம்.

மீற்றரை மேலே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாதா என்று நீங்கள் கேட்டது பற்றி: முடியும், ஆனால் அது பழுது திருத்துவது போலில்லை. குழாய் நீளவேண்டும், குழாய் நிறுவனமும் கம்பனியும் தனித்தனியே வரவேண்டும், பல நூறு பவுண்ட் போகும், ஆயிரத்தையும் தாண்டலாம். கட்டடச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. வாடகைக்கு இருக்கிற நீங்கள் அந்தச் செலவைத் தலையில் எடுக்காதீர்கள். வீட்டுக்காரர் கட்டடத்தைத் திருத்தும் எண்ணத்தில் இருந்தால் சொல்லிப் பாருங்கள்.

அதுவரை புதிய ஸ்மார்ட் மீற்றரும் நிலவறையிலிருந்து மின்சார மீற்றரை எட்டாமல் போகலாம். வேலைக்கு நேரம் பதியும்போதே இரண்டு மீற்றருக்கும் இடையிலான தூரத்தைச் சொல்லி, இரட்டை அலைவரிசைத் தொடர்புப் பெட்டி போட முடியுமா என்று கேளுங்கள், சுவர் தாண்டுவதில் அது கொஞ்சம் கெட்டி. அதுவும் எட்டாவிட்டால், மாதத்துக்கு ஒரு தரம் கடைக்காரரே ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒத்துக்கொண்டால் போதும். தொடர் எண்ணும் இலக்கமும் ஒரே படத்தில் தெரியவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.